துர்கானின் கூடாரத்தில் சமந்தா கார்ட்டர்: சிறைப்பட்ட வீரரின் கதை எங்கே தடம் மாறுகிறது?

மறுஒளிபரப்பு:

1997 ஆகஸ்ட் 8 அன்று ஒளிபரப்பான ‘எமான்சிபேஷன்’, ‘ஸ்டார்கேட் எஸ்ஜி-1’ என்ற அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரின் பத்துப் பருவங்களிலும் மிகப் பலவீனமான பகுதிகளுள் ஒன்று என்று ரசிகர்கள் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். அந்தத் தீர்ப்பை நானும் ஏற்கிறேன். ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் எனக்குப் போதவில்லை. கார்ட்டருக்கு மாட்டிவிடப்பட்ட அந்த நீல உடை எரிச்சலூட்டுகிறது என்பது மெய்தான். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. சிறைப்பட்ட ஒரு படைவீரரைப் போர்க்குடி ஒன்றின் நடுவே நிறுத்திவிட்டு, அந்தச் சூழல் எழுப்பும் கேள்வியைக் கதை கடைசிவரை தொடவே இல்லை.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க வான்படையின் கேப்டன் சமந்தா கார்ட்டர் இடம்பெற்ற நால்வர் குழு, முன்னொரு காலத்தில் பூமியிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட மங்கோலியரின் வழித்தோன்றல்கள் வாழும் ஒரு கோளுக்குப் போகிறது. அங்கே ஷவடாய் குலத்தில் பெண்கள் வெளியார் முன் முகம் காட்டுவது மரண தண்டனைக்குரிய குற்றம். தலைவர் மூகாலின் மகன் அபு, தான் விரும்பும் நியாவை அடைவதற்காகக் கார்ட்டரை இரவோடிரவாகக் கடத்திச் சென்று, நியாவின் தந்தையும் பகைக் குலத்தின் தலைவனுமான துர்கானிடம் ஈடாகக் கொடுக்கப் பார்க்கிறான். துர்கானோ மகளைத் தர மறுத்துவிட்டு, பொன் கொடுத்துக் கார்ட்டரை வாங்கிக்கொள்கிறான். குழுத் தலைவர் கர்னல் ஓநீல் தம் கைத்துப்பாக்கியை விலையாகக் கொடுத்து அவரை மீட்கிறார். பின்னர், தப்பியோட முயன்று பிடிபட்ட நியாவைக் கல்லெறிந்து கொல்லப்போகிறார்கள் என்று தெரிந்து குழு அந்த முகாமுக்குத் திரும்புகிறது. மரபுச் சட்டத்தின்படி துர்கானுக்கு அறைகூவல் விடப்படுகிறது. கார்ட்டர் அவனோடு கத்திச் சண்டையிட்டு வெல்கிறார்.

அதே ஆண்டு பிப்ரவரி 17 அன்று ‘ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் ‘பை இன்ஃபெர்னோஸ் லைட்’ வந்தது. டொமினியன் பேரரசின் 371ஆம் எண் தடுப்பு முகாமில் அடைபட்டிருக்கும், கிளிங்கான் என்ற போர்க்குடியைச் சேர்ந்த அதிகாரி வோர்ஃபை, கிளிங்கான்களின் போர்முறையைக் கற்றுக்கொள்வதற்காக டொமினியனின் படையினரான ஜெம்ஹடார் வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக மோதிப் பார்க்கிறார்கள். எலும்பு நொறுங்கிய நிலையிலும் அவர் திரும்பத் திரும்ப எழுந்து நிற்கிறார். ‘மானம் காக்கப்பட்டுவிட்டது, இனி விழுந்தே கிட’ என்ற பொருளில் சக கைதியான கிளிங்கான் தளபதி மார்ட்டோக்கே சொல்லியும் கேட்பதில்லை. முடிவில் ஜெம்ஹடார் தலைவன் இகாட்டிகா, இவனைத் தன்னால் தோற்கடிக்க முடியாது, கொல்லத்தான் முடியும், அதில் தனக்கு இனி ஆர்வமில்லை என்று அறிவித்து விலகுகிறான். அந்தக் கணத்தில் தீர்ப்புச் சொல்பவன் சிறைபிடித்தவன். அவனுடைய போர்நெறியிலிருந்தே அந்தத் தீர்ப்பு பிறக்கிறது. அதற்காக அவன் அங்கேயே சுட்டுக் கொல்லப்படுகிறான்.

துர்கானுக்கு அப்படி ஒரு கணம் தரப்படவில்லை. அவன் சண்டையில் தோற்கிறான், அவ்வளவுதான். கேரி-ஹிரோயுகி டகாவா போன்ற நடிகரை வைத்துக்கொண்டு, அவருக்கு உறுமுவதைத் தவிர வேறு வேலை கொடுக்காத கதை அது. சிறைப்பட்டவர் மாறாமலும் சிறைபிடித்தவர் மாறாமலும் கத்தி மட்டும் கைமாறினால், அதைச் சிறைவாசக் கதை என்று ஏன் சொல்ல வேண்டும்?

தாரகை:

மறுஒளிபரப்பு அவர்களின் ஒப்பீடு அழகாக இருக்கிறது. ஆனால் தராசின் இரண்டு தட்டுகளிலும் அவர் ஒரே பொருளை வைக்கவில்லை. வோர்ஃப் அந்த முகாமில் நுழையும்போதே வீரராக அடையாளம் காணப்பட்டுவிட்டார். அவருடைய உடல்வலிமை, குலம், போர்முறை ஆகிய அனைத்தையும் பகைவர்கள் மதிக்கிறார்கள். மதிப்பதால்தான் களத்தில் இறக்குகிறார்கள். சிறைபிடித்தவருக்கும் சிறைப்பட்டவருக்கும் ஒரே நாணயம் செல்லுபடியாகும் சிறை அது.

கார்ட்டரின் நிலை முற்றிலும் வேறு. வானியற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர், விமானி, படை அதிகாரி என்ற எதுவும் துர்கானின் கண்ணில் படுவதே இல்லை. சீருடையைக் களைந்தவுடன் அவர் ஒரு விலைப்பொருள். எதிரியாகக்கூட மதிக்கப்படாத ஒருவர் முதலில் எதிரி என்ற தகுதியையே ஈட்ட வேண்டியிருக்கிறது. சட்டப்படியான அறைகூவலில் துர்கானுக்கு எதிரே அவர் நிற்கும் காட்சி, வோர்ஃபுக்கு முதல் நாளே கேட்காமல் கிடைத்த ஏற்பைக் கார்ட்டர் கடைசி நாளில் பிடுங்கிக்கொள்ளும் காட்சி. நீங்கள் அதை வெறும் கத்திச் சண்டை என்று கடந்துவிட்டீர்கள்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 1991 வளைகுடாப் போரில் இரண்டு அமெரிக்கப் பெண் படையினர் ஈராக்கில் சிறைப்பட்டார்கள். அவர்களுள் ஒருவரான படைமருத்துவர் ரோண்டா கார்னம், சுட்டு வீழ்த்தப்பட்ட ஹெலிகாப்டரிலிருந்து இரு கைகளும் முறிந்த நிலையில் பிடிபட்டவர். காவலில் இருந்தபோது தாம் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதைப் பின்னாளில் வெளிப்படையாகவே கூறினார். பெண்களைப் போர்முனைக்கு அனுப்பலாமா என்ற விவாதத்தில், ‘பிடிபட்டால் என்ன ஆகும்?’ என்பதுதான் எதிர்த்தரப்பின் முதன்மைக் கேள்வியாக இருந்தது. 1993இல் பெண்கள் போர் விமானம் ஓட்டத் தடை நீங்கியது. ஆனால் தரைப்போர்ப் பிரிவுகளில் இருந்து அவர்களை விலக்கும் விதி 1994இல் வகுக்கப்பட்டு, 2013 வரை நீடித்தது. இவற்றுக்கு நடுவே, 1997இல், வான்படையின் ஒத்துழைப்போடு எடுக்கப்பட்ட ஒரு தொடர், தன் ஒரே பெண் அதிகாரியைத் தொடக்க வாரங்களிலேயே சிறைப்படவைத்து, அவர் நொறுங்காமல் திரும்புவதைக் காட்டியது. அதன் கைத்திறன் குறைவு என்றால் ஒப்புக்கொள்வேன். அது கேள்வியே கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

குதிரைவாலி:

படைத்துறைக் கோணத்தில் இருந்து பார்த்தால் இருவருமே ஒரு முக்கியமான ஆவணத்தை விட்டுவிட்டீர்கள். கொரியப் போரில் சிறைப்பட்ட அமெரிக்கர்கள் நடந்துகொண்ட விதம் பற்றி எழுந்த சர்ச்சைகளுக்குப் பின், 1955இல் அதிபர் ஐசனோவர் படையினருக்கான நடத்தை நெறியை ஆணையாக வெளியிட்டார். ஆறு பிரிவுகள் கொண்ட அந்த நெறியின் மூன்றாம் பிரிவு, சிறைப்பட்டவர் இயன்ற வழிகளில் எல்லாம் தொடர்ந்து எதிர்க்க வேண்டும், தப்பிக்க முயல வேண்டும், பிறர் தப்பிக்கவும் உதவ வேண்டும், பகைவரிடமிருந்து எந்தச் சலுகையையும் ஏற்கக் கூடாது என்று சொல்கிறது. கார்ட்டர் இந்த நெறிக்குக் கட்டுப்பட்ட அதிகாரி. துர்கானின் கூடாரத்தில் அவர் பணிய மறுப்பதைத் தனிமனிதப் பிடிவாதமாகவோ பெண்ணுரிமை முழக்கமாகவோ பார்ப்பதற்கு முன்னால், கடமையாகப் பார்க்க வேண்டும். அந்தச் சொல்லைக் கதை ஒருமுறை உச்சரித்திருந்தால்கூடப் பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும்.

இருந்தாலும் என்னை உறுத்துவது வேறு. ஓநீல் கைத்துப்பாக்கியைக் கொடுத்துக் கார்ட்டரை மீட்பது. வில்லும் வாளும் மட்டுமே தெரிந்த இரண்டு குலங்களுக்கு இடையிலான பகையில், அவற்றுள் கொடூரமான தலைவனின் கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வருகிறார் ஓர் அமெரிக்கக் கர்னல். தோட்டாக்கள் தீரும்வரை அது யாரைக் கொல்லும் என்ற கேள்வி, அந்த விடுதலையின் விலையைப் பற்றிய கேள்வி. விலைபேசி வாங்கப்பட்ட பெண்ணை அவருடைய தோழர்களும் விலைபேசித்தான் மீட்கிறார்கள் என்பது கதைக்குள் கிடந்த மிகக் கசப்பான உண்மை. அதை யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

(தொடரின் முதல் பகுதியில் கார்ட்டர், வளைகுடாப் போரின்போது பகை வான்வெளியில் நூறு மணி நேரத்துக்கு மேல் பறந்ததாகச் சொல்கிறார். 1991இல் அமெரிக்கப் பெண்கள் போர் விமானங்களை ஓட்ட அனுமதிக்கப்படவில்லை என்பதால், எந்த விமானத்தில் பறந்தார் என்று ரசிகர்கள் கேட்பதுண்டு. இது தனி விவாதம், நான் கிளறவில்லை.)

வடதிசை:

மங்கோலிய வரலாற்றில் ஆர்வமுள்ளவன் என்ற முறையில் சில சொற்கள். ‘எமான்சிபேஷன்’ தன் மூலப்பொருளையே தலைகீழாகப் பிடித்திருக்கிறது. பெண்களைக் கவர்ந்து செல்லும் வழக்கம் புல்வெளிக் குலங்களிடையே இருந்தது, அதில் தவறில்லை. பின்னாளில் செங்கிஸ் கான் ஆன தெமுஜினின் தாய் ஹோலூன், மெர்கித் குலத்துக் கணவனிடமிருந்து யெசுகேயால் கவர்ந்து வரப்பட்டவர். அதற்குப் பழிவாங்க மெர்கித்கள் பின்னாளில் தெமுஜினின் மனைவி போர்த்தேவைக் கவர்ந்து சென்றார்கள். அவரை மீட்கத் தெமுஜின், தோக்ருலையும் ஜமுகாவையும் துணைக்கு அழைத்துக்கொண்டு படையெடுத்தார். மீட்கப்பட்ட சிறிது காலத்தில் பிறந்த மூத்த மகன் ஜோச்சியின் தந்தை யார் என்ற ஐயம், அந்தப் பேரரசின் வாரிசுரிமையையே ஆட்டிவைத்தது. கடத்தப்பட்ட ஒரு பெண்ணைச் சுற்றி எத்தனை அரசியல் திரள முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய கதைக்கரு எங்கே கிடைக்கும்?

ஆனால் முகத்திரை? முகம் காட்டினால் மரணம்? 1246இல் மங்கோலியப் பேரரசவைக்குச் சென்று திரும்பிய கார்ப்பினியின் ஜான் என்ற பாதிரியார், பெண்களும் சிறுமியரும் ஆண்களைப் போலவே குதிரை ஓட்டுவதையும், வில்லும் அம்பறாத்தூணியும் தாங்கியிருப்பதையும் பதிவு செய்திருக்கிறார். மணமான பெண்கள் உயர்ந்த தலையணி சூடினார்கள், முகத்தை மறைக்கவில்லை. செங்கிஸின் மகனும் அடுத்த பேரரசருமான ஒகொதேயின் மறைவுக்குப் பின் 1241 முதல் 1246 வரை பேரரசை நடத்தியவர் அவருடைய மனைவி தோரெகெனே. ஆக, புல்வெளி மரபில் இல்லாத ஓர் ஒடுக்குமுறையை அதன்மேல் ஏற்றி, பிறகு அதை உடைக்க அமெரிக்க அதிகாரி ஒருவரை அனுப்பியிருக்கிறார்கள்.

சிறைப்பட்ட வீரரின் கதை வேண்டுமானால் ‘மங்கோலியரின் இரகசிய வரலாறு’ நூலிலேயே ஒன்று இருக்கிறது. தாய்ச்சியுத் குலத்தோடு நடந்த போரில் செங்கிஸின் குதிரையை அம்பெய்து வீழ்த்தியவன் சுர்கதாய். தோல்விக்குப் பின், அம்பெய்தது யார் என்று கேட்கப்பட்டபோது அவன் மறைக்கவில்லை. தன்னைக் கொன்றால் உள்ளங்கை அளவு மண்தான் நனையும், உயிரோடு விட்டால் பணியாற்றுவேன் என்கிறான். பகைவன் தான் செய்ததை மறைப்பதுதான் வழக்கம், இவனோ ஒப்புக்கொள்கிறான், இவன் தோழனாகத் தக்கவன் என்று செங்கிஸ் முடிவெடுத்து, அவனுக்கு அம்பின் பெயரையே சூட்டுகிறார். ஜெபே என்ற அந்தப் பெயரில்தான் உலகம் பின்னாளில் அவனை அறிந்தது. சக தளபதி சுபுதாயோடு சேர்ந்து காக்கேசிய மலைகளைக் கடந்து ருஷ்ய இளவரசர்களை 1223இல் கல்கா ஆற்றங்கரையில் முறியடித்த தளபதி அவன்தான்.

இப்படியொரு மரபிலிருந்து கிளைத்ததாகச் சொல்லப்படும் தலைவன், தன்னை எதிர்த்து நிற்கும் சிறைக்கைதியைக் கண்டால் முதலில் எடைபோட்டுப் பார்த்திருப்பான். துர்கான் சாட்டையைத் தேடுகிறான்.

தாரகை:

வடதிசை அவர்கள் தந்த செய்திகள் அருமை. ஆனால் பூமியிலிருந்து பிரிந்து பல நூற்றாண்டுகள் வேறொரு மண்ணில் வாழ்ந்த ஒரு கூட்டம், 13ஆம் நூற்றாண்டின் வழக்கங்களை மாறாமல் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியா? அறிவியல் புனைவு எடுத்துக்கொள்ளும் உரிமை அதுதானே. பெண்கள் ஆண்ட ஒரு குடியிலேயே பெண்கள் முகம் மறைக்கும் நிலை வந்தது எப்படி என்று கதை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஆயினும் அந்த மாற்றம் நிகழவே முடியாது என்று வரலாறு சொல்லவில்லை. ஷவடாய் மக்கள் செங்கிஸின் அவையினர் அல்லர்.

மறுஒளிபரப்பு:

ஜெபேயின் கதை என் வாதத்துக்கு நான் தேடியிருந்தாலும் கிடைக்காத சான்று. வடதிசை அவர்களுக்கு நன்றி. அங்கேயும் தீர்ப்பு சிறைபிடித்தவனுடையது. அந்தத் தீர்ப்பு இருவரையும் மாற்றுகிறது.

‘ஸ்டார்கேட்’ தொடருக்கு இது தெரியாததும் அல்ல. ‘எமான்சிபேஷன்’ வருவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னால், 1997 ஜூலை 27 அன்று வெளியான ‘சில்ட்ரன் ஆஃப் தி காட்ஸ்’ பகுதியில் ஓநீலும் தோழர்களும் சூலக் கோளின் சிறையில் அடைக்கப்படுகிறார்கள். காவல்படையின் தலைவன் டீல்க், தன்னைக் கடவுளென்று சொல்லிக்கொள்ளும் வேற்றுக்கோள் ஆட்சியாளன் அபோஃபிஸின் முதன்மைப் போர்வீரன். கைதிகளைச் சுட்டுக் கொல்லுமாறு ஆணை வருகிறது. இந்த மக்களை என்னால் காப்பாற்ற முடியும் என்று ஓநீல் கத்துகிறார். பலர் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் அதைச் செய்யக்கூடியவர் என்று நான் நம்புகிற முதல் ஆள் நீதான் என்று விடையளித்துவிட்டு, டீல்க் தன் ஆயுதத்தைத் தன் படைமேலேயே திருப்புகிறான். சில நொடிகள்தான். அந்த நொடிகளுக்குள் ஒரு மனிதனின் பல ஆண்டுக் கால ஐயம் முழுவதும் வெளிப்படுகிறது. சிறைபிடித்தவனுக்கு முகமும் மனமும் கொடுத்ததால் வந்த வலிமை அது. அதே குழு அடுத்த மாதமே அதை மறந்துவிட்டதுதான் எனக்கு விளங்கவில்லை.

தாரகை அவர்கள் 1990களின் சூழலைச் சொன்னது பொருத்தமானதே. ஆனால் சூழல் முக்கியமானது என்பதால் படைப்பு நல்லதாகிவிடாது. கார்னம் சிறையில் இருந்தபோது கத்திச் சண்டை போட்டு விடுதலை பெறவில்லை. முறிந்த கைகளோடு தாங்கிக்கொண்டு இருந்தார். சிறைவாசத்தின் கனம் அந்தக் காத்திருப்பில் இருக்கிறது. கதையோ கார்ட்டரைப் பிடித்த வேகத்திலேயே மீட்டுவிட்டு, வெற்றிக்கு ஓடுகிறது.

தாரகை:

காத்திருப்புதான் அளவுகோல் என்றால், நீங்கள் போற்றும் வோர்ஃப் அந்த முகாமில் எதைத் தாங்கிக்கொண்டு விடுதலையை வென்றார்? கதையை மீண்டும் பாருங்கள். சிறையை உடைத்தவர் வோர்ஃப் அல்லர். சுவருக்குள் இருந்த இடுக்கில், மூடிய இடங்களைக் கண்டால் மூச்சடைக்கும் தம் அச்சத்தோடு போராடிக்கொண்டே, பழைய கருவியைத் திருத்திக் கப்பலோடு தொடர்பு ஏற்படுத்திய காரக். முன்னாள் உளவாளி, இந்நாள் தையல்காரர். அந்த முகாமின் உண்மையான வீரக்கதை இருட்டில் நடக்கிறது. வெளிச்சத்தில் நடக்கும் சண்டை, மானம் என்ற பெயரில் வோர்ஃப் தம்மைத் தாமே வருத்திக்கொள்ளும் காட்சி. அதைப் பார்த்துத்தான் நாம் கைதட்டுகிறோம்.

இகாட்டிகாவின் தீர்ப்பையும் அளவுக்கு மீறி உயர்த்துகிறீர்கள். ஜெம்ஹடார்கள் ஒரு குடியே அல்லர். போருக்கென்றே மரபணுவில் வடிவமைக்கப்பட்டவர்கள். உறக்கமும் உணவும் தேவைப்படாதவர்கள். ‘வெள்ளை’ என்ற போதைப்பொருள் கிடைக்காவிட்டால் அழிந்துபோவார்கள், அதை அளந்து கொடுக்கும் அதிகாரம் அவர்களை மேற்பார்க்கும் வோர்ட்டா இனத்தவரின் கையில். அதே 1997 அக்டோபரில் அதே தொடரில் வந்த ‘ராக்ஸ் அண்ட் ஷோல்ஸ்’ இதை ஈவிரக்கமின்றிக் காட்டியது. தம் வோர்ட்டா தம்மைச் சாகக் கொடுத்துவிட்டான் என்று கேப்டன் சிஸ்கோ எடுத்துச் சொல்லியும், ஜெம்ஹடார் வீரன் ரெமாட்டாக்லான் சரணடைய மறுக்கிறான். கைவிடுவதற்குத் தன் உயிர் ஒருபோதும் தன்னுடையதாக இருந்ததில்லை என்கிறான். அவனும் அவனுடைய வீரர்களும் தெரிந்தே மடிகிறார்கள். இந்த அடிமைகளுள் ஒருவன் ஒரு சண்டையில் விலகிக்கொண்டு உடனே சுடப்பட்டதை, வீரர்கள் ஒருவரையொருவர் மதிக்கும் உன்னதக் காட்சியாக நாம் பார்க்கிறோம். முகாமில் அதனால் எதுவும் மாறவில்லை. ஜெம்ஹடார்களுக்கு வோர்ஃபின் சிறைவாசம் எதையும் விட்டுச்செல்லவில்லை.

கார்ட்டரோ மீட்கப்பட்ட பிறகு திரும்பிப் போகிறார். தன்னை விலைக்கு வாங்கிய முகாமுக்கு, தன் விருப்பத்தோடு, இன்னொரு பெண்ணுக்காக. வோர்ஃப் அந்த முகாமுக்குத் திரும்பிப் போனாரா?

செவ்வந்தி:

நீண்ட நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஜெம்ஹடார்களை இழுத்துவந்துவிட்ட பிறகு, 1995இல் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் வந்த ‘ஹிப்போக்ரட்டிக் ஓத்’ பற்றி யாரும் பேசாதது வியப்பாக இருக்கிறது. மருத்துவர் பஷீரும் பொறியாளர் ஓபிரையனும் ஜெம்ஹடார் கூட்டம் ஒன்றிடம் பிடிபடுகிறார்கள். அந்தக் கூட்டத்தின் தலைவன் கோரனகார், போதைப்பொருள் இல்லாமலே உயிர்வாழத் தொடங்கிவிட்டவன். தன் வீரர்களையும் விடுவிக்க வழி கண்டுபிடி என்று பஷீரிடம் கேட்கிறான். குதிரைவாலி அவர்கள் குறிப்பிட்ட நெறியைப் பஷீர் மீறுகிறார் என்றே வைத்துக்கொள்ளலாம்: பகைவனுக்கு உதவுகிறார். ஓபிரையன் படைவீரரின் கடமையைப் பிடித்துக்கொண்டு, தப்பிப்பதற்காகப் பஷீரின் ஆய்வையே அழித்துவிடுகிறார். இருவரும் உயிரோடு திரும்புகிறார்கள். கோரனகார் மட்டும், தன் வீரர்கள் போதை கிடைக்காமல் துடித்துச் சாவதைவிடத் தன் கையால் சாகட்டும் என்று அங்கேயே தங்கிவிடுகிறான்.

சிறைப்பட்ட இரு நண்பர்கள் ஒரே சிறைக்குள் எதிரெதிர் அணியாகும் கதை அது. சண்டை போட்டு வெல்வது யார் என்ற பேச்சே அதில் எழவில்லை. நீங்கள் இருவரும் வாதிடும் இரண்டு பகுதிகளையும்விட அது ஒரு படி மேல் என்பது என் கருத்து.

வடதிசை:

செவ்வந்தி அவர்கள் சொன்ன பகுதியை நானும் உயர்வாகவே மதிக்கிறேன். ஆனால் கார்ட்டரின் கதையை அதோடு ஒப்பிடுவதற்கு முன், அதன் நேரடி முன்னோடியைப் பார்த்துவிட வேண்டும்.

‘எமான்சிபேஷன்’ பகுதியை எழுதியவர் கேத்ரின் பவர்ஸ். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு, 1987 அக்டோபரில், ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் வந்த ‘கோட் ஆஃப் ஹானர்’ பகுதியை இன்னொருவரோடு இணைந்து எழுதியவரும் அவரே. அதில் கப்பலின் பாதுகாப்பு அதிகாரி டாஷா, லைகான் கோளின் தலைவன் லூட்டனால் கடத்தப்படுகிறார். கொள்ளைநோய்க்கு மருந்து வேண்டுமென்பதால் கேப்டன் பிக்கார்டு அந்தக் குடியின் வழக்கத்துக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கிறது. இறுதியில் டாஷா, லூட்டனின் மனைவி யரீனாவோடு நச்சு தோய்ந்த ஆயுதத்தால் மோதுகிறார். பெண் அதிகாரி, கடத்தல், குலத்தலைவன், மரபு, ஒற்றைக்கு ஒற்றைச் சண்டை: அச்சு ஒன்றே. முதலாவதில் லைகான் மக்கள் அனைவரும் கறுப்பின நடிகர்கள். இரண்டாவதில் புல்வெளிக் குலத்தவராக ஆசிய முகங்கள். முதலாவதை அதே தொடரின் நடிகர்களே பின்னாளில் இனவாதம் என்று வெளிப்படையாகக் கண்டித்தார்கள். இரண்டாவதைப் பற்றி நாம் உடையலங்காரக் குறையாக மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஜெம்ஹடாரும் கிளிங்கானும் முகப்பூச்சுக்குள் பிறந்த கற்பனை இனங்கள். அவர்களைப் பற்றி என்ன எழுதினாலும் உண்மையான மக்கள் யாரும் அந்தச் சித்திரத்தைச் சுமக்க வேண்டியதில்லை. துர்கானின் மக்களுக்கு மங்கோலியத் தலைநகர் உலான்பத்தாரில் உறவினர் இருக்கிறார்கள். தாரகை அவர்கள் சொல்லும் புனைவுரிமையை நான் மறுக்கவில்லை. போர்க்குடி என்றதும் எழுத்தாளரின் கை ஏன் ஒவ்வொரு முறையும் அதே பெட்டிக்குள் போகிறது என்றுதான் கேட்கிறேன்.

தாரகை:

நடிகர் தேர்வு பற்றிய கண்டனத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இரண்டு கதைகளும் ஒரே அச்சு என்பதை ஏற்க இயலாது. லூட்டன் டாஷாவைக் கடத்துவது தன் புகழுக்காகவும் மனைவியின் சொத்துக்காகவும். டாஷா மோதுவது இன்னொரு பெண்ணோடு. வெற்றியால் அந்தக் குடியின் சட்டத்தில் ஒரு புள்ளியும் மாறுவதில்லை. பத்தாண்டு கழித்து அதே எழுத்தாளர் அந்தச் சண்டையைப் பெண்ணுக்கு எதிராக நடத்தாமல், பெண்ணை விலைபேசியவனுக்கு எதிராகத் திருப்புகிறார். மூகாலின் முகாமில் பெண்கள் முகத்திரையை விலக்குவதோடு கதை முடிகிறது. ஒருவர் தம் பழைய கதையைத் தாமே திருத்தி எழுதிய முயற்சி என்று இதை நான் வாசிக்கிறேன். திருத்தம் போதவில்லை என்று சொல்லுங்கள்; திருத்தமே இல்லை என்று சொல்லாதீர்கள்.

குதிரைவாலி:

திருத்தம் போதவில்லை என்றே சொல்கிறேன், காரணம் நியா. தந்தையின் ஆணையை மீறி ஓடத் துணிந்தவள் அவள். பிடிபட்டால் கல்லடி என்று தெரிந்தே ஓடியவள். அந்த முகாமின் சட்டத்தை உள்ளிருந்தே முதலில் உடைத்தவள் அவள்தான், கார்ட்டர் அல்லர். சண்டை நடக்கும் வேளையில் அவள் கட்டுண்ட பரிசுப்பொருளாக நிற்கிறாள். செவ்வந்தி அவர்கள் எடுத்துக்காட்டிய கோரனகாருக்கு எதிரியின் கதையில்கூட வாதிட இடம் கிடைத்தது. நியாவுக்குத் தன் சொந்த விடுதலையில்கூடப் பேச வாய்ப்பில்லை.

மறுஒளிபரப்பு:

நியாவைப் பற்றி நீங்கள் சொன்னதோடு நான் ஒன்றைச் சேர்க்கிறேன். துர்கானின் மனம் திறக்க வேண்டிய இடமும் அவள்தான். பெற்ற மகளைக் கல்லெறிந்து கொல்ல ஆணையிடும் தலைவனுக்குள் என்ன நடக்கிறது என்று ஒரே ஒரு காட்சி இருந்திருந்தால், அவன் இகாட்டிகாவின் அருகில் வந்திருப்பான். தோற்றபின் மகளை விட்டுக்கொடுப்பது அவனுக்கு அவமானமா, உள்ளுக்குள் நிம்மதியா என்றுகூட நமக்குத் தெரியவில்லை. கார்ட்டர் திரும்பிப் போனது உயர்ந்த செயல் என்பதில் தாரகை அவர்களோடு எனக்கு முரண்பாடு இல்லை. திரும்பிப் போனபோது எதிரே ஒரு மனிதன் நின்றிருக்க வேண்டும் என்பதுதான் என் குறை.

தாரகை:

அந்த மனிதனை நீங்கள் ஒரு வாரம் முன்னதாகத் தேட வேண்டும். ஆகஸ்ட் 1 அன்று வந்த ‘தி எனிமி விதின்’ பகுதியில் சிறைப்பட்ட வீரன் டீல்க். சிறைபிடித்த போர்க்குடி செயன் மலையின் அமெரிக்கப் படைத்தளம். பூட்டிய அறையில் காவலோடு வைக்கப்பட்டிருக்கும் அவனை ஆராய்ச்சிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வந்து நிற்கிறார் கர்னல் கென்னடி. உடலுக்குள் சுமக்கும் உயிரிக்காக எடைபோடப்படும் அந்தக் கைதியும், பொன்னுக்கு எடைபோடப்பட்ட கார்ட்டரும் அடுத்த வாரமே ஒரே குழுவாக நடக்கிறார்கள். இரண்டையும் தொடர்ந்து பாருங்கள் என்பதே என் வேண்டுகோள். துர்கானுக்கு மனம் இல்லை என்று சொல்லும் நீங்கள், கென்னடிக்கு அது இருந்ததா என்று வந்து சொல்லுங்கள்.

மறுஒளிபரப்பு:

கென்னடிக்கும் இல்லை. ஆனால் அந்தப் பகுதியில் படைத்தளத்தின் தலைவர் ஜெனரல் ஹேமண்ட் இருக்கிறார். மேலிடத்துக்கும் தம் மனச்சான்றுக்கும் நடுவே நின்று முடிவில் டீல்க்கைக் குழுவில் சேர்க்கிறார். துர்கானின் முகாமில் ஹேமண்ட் யார்? மூகால் என்று சொல்வீர்களானால், அவர் சிறைபிடித்தவர் அல்லர். கார்ட்டரை வாங்கிய குலத்துக்குள் அப்படி ஒருவரையும் நான் காணவில்லை. இரண்டு பகுதிகளையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.